கேள்வியை எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்? (படகு இன்ஜின், கடல்பாசி, போர்வெல் தண்ணீர்)

பாம்பன்கரை – கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "நீதான் போன்ல வேகமா டைப் அடிப்பியே, கேட்டுச் சொல்லும்மா" என்று என்னிடம் வருகிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே குழுக்களில் போடுகிறேன். பதில் வராமல் இல்லை. "நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்", "நல்ல மெக்கானிக்கா பாருங்க", "எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு" என்று வருகிறது. இல்லாவிட்டால் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள், எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் போட்ட மூன்று கேள்விகள், வார்த்தை மாறாமல்:

"இன்ஜின் ரொம்ப சூடாகுது. என்ன செய்யலாம்?"

"பாசிக்கு நோய் வந்துருச்சு. ஏதாவது மருந்து இருக்கா?"

"போர் தண்ணி உப்பாயிருச்சு. இன்னும் ஆழமா போட்டா நல்ல தண்ணி வருமா?"

இந்த மூன்றிலும் என்ன குறை? இதே விஷயத்தை ஒருவர் நேரில் வந்து சொன்னால் நீங்கள் திருப்பி என்னென்ன கேட்பீர்கள்? அதைச் சொன்னால், வருபவரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். கடலுக்குப் போகிற அவசரத்தில் நிற்பவர்கள் அவர்கள், நீளமாகக் கேட்டால் கிளம்பிவிடுவார்கள். கட்டாயம் வேண்டியது எது, இருந்தால் நல்லது எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்12

தங்கச்சி, முதல் கேள்வி என் வேலை. அதை மட்டும் எடுத்துக்கிறேன்.

"இன்ஜின் சூடாகுது"ங்கிறது அவர் கண்ணால பார்த்தது இல்லை. எதையோ பார்த்துட்டு அவரா ஒரு முடிவுக்கு வந்து சொன்னது. நமக்கு வேண்டியது அந்த "எதையோ". தண்ணி ஊத்துற ஓட்டையில தண்ணி வரலையா? ஹெட்டுல (சிலிண்டரோட மேல்மூடியில) கை வைக்க முடியலையா? அரை மணி நேரம் ஓடினதும் இழுவை குறைஞ்சு தானா நிக்குதா? ரப்பர் கருகுற வாடை வந்துச்சா? நாலுக்கும் நாலு வேற பதில். நாலையும் ஒரே சொல்லுல அடைச்சுட்டா, படிக்கிறவர் தன் கைக்கு அடிக்கடி வர்ற பழுதைச் சொல்லிட்டுப் போவார். உங்களுக்கு அஞ்சு பேர் அஞ்சு விதமா சொன்னதும் அதனாலதான். அவங்க யாரும் தப்பா சொல்லலை, ஆளுக்கொரு இன்ஜினை மனசுல வச்சுக்கிட்டு சொல்லியிருக்காங்க.

முதல்ல இன்ஜின் எதுன்னு தெரியணும். நம்ம பக்கம் பைபர் படகுல அவுட்போர்டும் (படகுக்குப் பின்னாடி வெளியில மாட்டுற இன்ஜின்) ஓடுது, நீளத் தண்டு வச்ச டீசலும் ஓடுது. டீசல்லயே காத்துல குளிர்றதும் உண்டு, தண்ணியில குளிர்றதும் உண்டு. காத்துல குளிர்ற இன்ஜினுக்கு "தண்ணி வருதா பாருங்க"ன்னு பதில் போட்டா யாருக்கு லாபம்? அவுட்போர்டுன்னா படகுல மாட்டுற பிடியில மாடல், சீரியல் நம்பர் உள்ள தகடு ஒட்டியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்தா போதும். "9.9 ஹெச்பி"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, பெட்ரோலா மண்ணெண்ணெயா, தண்டு குட்டையா நெட்டையா, இது ஒவ்வொண்ணுக்கும் சாமான் மாறும்.

இனி அவுட்போர்டுன்னே வச்சுக்குவோம். கீழ கியர் பெட்டியில இருக்கிற சல்லடை வழியா கடல் தண்ணி உள்ள போகும். அங்க தண்டோட சேர்ந்து சுத்துற ரப்பர் இம்பெல்லர் அதை மேல தள்ளும். ஹெட்டைச் சுத்தி வந்து, கொஞ்சம் தண்ணி மட்டும் பக்கவாட்டு ஓட்டை வழியா வெளியில பீச்சும். அந்த ஓட்டையில வர்ற தண்ணியை எப்படிப் பார்த்து எழுதுறீங்களோ, அதுலயே முக்கால்வாசி பழுது பிடிபட்டுரும்.

மெதுவா ஓடும்போது சொட்டுது, வேகம் கூட்டினா நல்லா பீச்சுது: இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கு. காரணம் இருக்கு. மெதுவா சுத்தும்போது ரப்பர் இறக்கை சுவரோட ஒட்டி வழிச்சாத்தான் தண்ணி ஏறும். வேகத்துல இறக்கை சுவரை விட்டு மடங்கிரும், தண்ணியை விசிறியே தள்ளிரும். அதனால தேய்ஞ்சது வேகத்துல நல்லதா தெரியும், மெதுவுல காட்டிக் கொடுத்துரும்.

மெதுவுல நல்லா வருது, வேகத்துல குறையுது: சல்லடையில தாழைத் தழையோ (கடல்புல்) பிளாஸ்டிக் பையோ அடைச்சிருக்கு. இல்லைன்னா இன்ஜின் மேல தூக்கி மாட்டியிருக்கு, தண்ணியோட காத்தையும் சேர்த்து இழுக்குது. காத்தாடிக்கு (புரொபெல்லருக்கு) மேல இருக்கிற தட்டு படகோட அடிமட்டத்துக்குச் சமமாவோ ஓர் அங்குலம் கீழயோ இருக்கணும். ஒரு படகுல இருந்து கழட்டி இன்னொரு படகுல மாட்டின இன்ஜின்ல இது அடிக்கடி வரும்.

தண்ணி எப்பவும் நல்லா வருது, ஆனா ஹெட் கொதிக்குது: தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணியை விடுற வால்வு) மூடினபடி சிக்கியிருக்கும், இல்லைன்னா ஹெட்டுக்குள்ள உப்பு படிஞ்சிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வெந்நீர்ல போட்டுப் பார்க்கலாம். எத்தனை டிகிரியில திறக்கணும்னு அதுலயே அடிச்சிருக்கும், பல மாடல்ல 50–60 டிகிரி. டூ ஸ்ட்ரோக்குன்னா ஆயில் எவ்வளவு கலந்தாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. 50-க்கு 1 போடச் சொன்ன பெட்ரோல் இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மில்லி. "கொஞ்சம் ஊத்தினேன்"னு சொன்னா விடாதீங்க, எந்த மூடியால எத்தனை மூடின்னு கேளுங்க.

தண்ணியே வரலை: முதல்ல அந்த ஓட்டைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பியை விட்டுப் பார்த்தாங்களான்னு கேளுங்க. உப்போ மண்ணோ அந்தச் சின்னக் குழாயை மட்டும் அடைச்சிருந்தா இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். "சூடாகி நின்னுருது"ன்னு வர்றதுல பாதிக்குச் சூட்டோட சம்பந்தமே இருக்காது, எண்ணெய் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ) ஏறாம நிக்கும். நிக்கிற நேரத்துல டேங்க் குழாயில இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கினாங்களா, அமுக்கினதும் மறுபடி பிடிச்சுதா? பிடிச்சா கோளாறு குளிர்ச்சியில இல்லை. டேங்க் மூடியோட காத்துத் திருகு மூடியிருக்கும், குழாய்ல காத்து இழுக்கும், இல்லைன்னா ஃபியூல் பம்பு. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால நல்ல இம்பெல்லரைக் கழட்டி வீசினவங்க நிறைய.

கட்டாயம் வேண்டியதைச் சொல்றேன், எழுதி வச்சுக்கங்க. தகடு போட்டோ. தண்ணி மெதுவுல எப்படி, வேகத்துல எப்படி. ஸ்டார்ட் பண்ணி எத்தனை நிமிஷத்துல கோளாறு வருது. கடைசியா என்னைக்கு நல்லா ஓடுச்சு, அதுக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன செஞ்சாங்க. கடைசிக் கேள்வியை அழுத்திக் கேளுங்க. "ஒண்ணும் செய்யலை"ன்னுதான் முதல்ல சொல்வாங்க. கரையில வச்சு ஓட்டிப் பார்த்தீங்களா, மணல்ல ஏத்தினீங்களா, வலை சுத்துச்சா, வேற கேன்ல எண்ணெய் வாங்கினீங்களான்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தா ஞாபகம் வரும். தண்ணியில்லாம ஓட்டினா இம்பெல்லர் கருக அரை நிமிஷம் போதும்.

கடைசியில அவர் மனசுல நினைக்கிற காரணத்தைக் கேள்வியில போடவே வேண்டாம். அது படிக்கிறவரை ஒரே பக்கம் இழுத்துரும்.

பாசித்தெப்பம்

ஸ்பேனர் அண்ணன் சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தினம் கடலில் இறங்குகிறவரின் ஊகத்தைத் தூக்கிப் போடக் கூடாது, பல நேரம் அது சரியாகவே இருக்கும். பார்த்ததை முதலில் எழுதுங்கள், ஊகத்தை "அவர் நினைப்பது" என்று தனியாகக் கடைசியில் எழுதுங்கள். இரண்டும் கலக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்வி. முதலில் எந்தப் பாசி? நம் கரையில் பாசி என்றால் மரிக்கொழுந்தும் பாசிதான், கஞ்சிப்பாசியும் பாசிதான், கட்டக்கோரையும் பாசிதான். மிதவையில் வளர்ப்பது என்றால் பெரும்பாலும் ஊரில் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாஃபைகஸ். அதை வைத்தே பேசுகிறேன்.

கேள்வியில் மருந்து கேட்டிருக்கிறீர்கள். திறந்த கடலில் எதைத் தெளித்தாலும் அடுத்த அலையில் போய்விடும், மருந்து என்று ஒன்று இல்லை. இதைச் சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம், கேட்டதற்குப் பதில் அதோடு முடிந்தது. ஆனால் அவருக்குத் தேவை அதுவல்ல. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற முடியுமா, இப்போதே அறுத்து உலர்த்திவிடுவதா, அடுத்த விதைப்பைத் தள்ளிப் போடுவதா என்று தெரிய வேண்டும். எந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறதோ அதை எழுதச் சொல்லுங்கள். அது தெரியாமல் பதில் எழுதுகிறவர் நோயின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

அடுத்து, "நோய்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? தண்டின் நடுவில் ஒரு துண்டு வெள்ளையாகி, கண்ணாடி போலாகி, அந்த இடத்தில் ஒடிந்து விழுகிறது என்றால் ஐஸ்-ஐஸ் எனப்படும் வெளுப்பு. தண்ணீர் சூடேறினாலோ, உப்பளவு இறங்கினாலோ, ஓட்டம் இல்லாமல் தேங்கினாலோ பாசி நலிந்து, அதன் மேல் பாக்டீரியா ஏறுவதால் வருவது. நுனி மட்டும் கத்தரித்தது போல் போயிருக்கிறது, வெளுப்பே இல்லை என்றால் ஓரா மீன் மேய்ந்திருக்கிறது. மிதவையின் அடிவலையில் கிழிசல் இருக்கும், அதைத் தைத்தால் போதும். மேல்பக்கம் மட்டும் வெளுத்து அடிப்பக்கம் நல்ல நிறத்தில் இருந்தால் மிதவை தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கிறது, வெயிலோ மழையோ நேராகப் படுகிறது. மயிர் போல வேறு பாசி சுற்றி, சேறும் படிந்திருந்தால் ஓட்டம் போதவில்லை, கயிற்றை உலுக்கிக் கழுவ ஆள் போகவில்லை. நான்கையுமே கரையில் "நோய்" என்றுதான் சொல்வார்கள்.

இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. வடகடலா (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலா (மன்னார் வளைகுடாப் பக்கம்) என்பது முதல் விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகடலைப் புரட்டும்போது தென்கடல் அமைதியாக இருக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அப்படியே தலைகீழ். ஆகவே இடத்தோடு மாதத்தையும் எழுத வேண்டும். வற்றம் (கடல் வடியும்) நேரத்தில் மிதவைக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது (இடுப்பளவா, கழுத்தளவா என்றாலும் சரி), பக்கத்தில் ஓடை வாய் இருக்கிறதா, கடைசியாக மழை பெய்தது எப்போது என்பதும் வேண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 28-க்குக் கீழே போனால் இந்தப் பாசி தாங்காது. பெருமழைக்குப் பின் கரையோர மிதவைகளில் வெளுப்பு முதலில் வருவது அதனால்தான். சித்திரை, வைகாசியில் ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும்போதும் அதே வெளுப்பு வரும். பாசியைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், மாதத்தைச் சொன்னால்தான் பிரிக்க முடியும்.

எண்ணிக்கை. "நிறைய போச்சு" வேண்டாம். எத்தனை மிதவையில் எத்தனை, அந்த மிதவையில் எத்தனை கயிறு, கடல்பக்கமா கரைப்பக்கமா? 10 மிதவை சேர்த்துக் கட்டிய வரிசையில் ஓரத்து இரண்டில் மட்டும் என்றால் மேய்ச்சலோ உரசலோ இருக்கலாம். பத்திலும் ஒரே சமயம் என்றால் தண்ணீரில்தான் ஏதோ மாறியிருக்கிறது. ஒரே இடத்தில் வாங்கிய விதை போட்டதில் மட்டும் என்றால் விதையைச் சந்தேகப்பட வேண்டும்.

வளர்ச்சி குறைவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 கொத்து, கொத்துக்கு 150 கிராம், ஆக 60 கிலோ விதை. 45 நாளில் அது நான்கு மடங்காக, 240 கிலோ பக்கம் வந்தால் நாளுக்கு ஏறத்தாழ 3 சதவீத வளர்ச்சி. அதன்படி 20-ஆம் நாள் ஒரு கொத்து 270–280 கிராம் இருக்க வேண்டும், 30-ஆம் நாள் 370–380. வெவ்வேறு கயிற்றிலிருந்து பத்துக் கொத்தை எடுத்து, தண்ணீரை உதறிவிட்டு, தொங்கு தராசில் மொத்தமாக நிறுத்து பத்தால் வகுத்து எழுதுங்கள். "22-ஆம் நாள், பத்துக் கொத்து 1 கிலோ 900, விதைத்தது 150 கிராம் வீதம்" என்று ஒருவர் எழுதினால், கொத்து 190 கிராம்தான், முதல் வாரங்களிலேயே ஏதோ நின்றுவிட்டது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். "வளரவே இல்லை" என்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

அவருக்கு இப்போதைக்கு: வெளுத்த இடத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி, வெட்டியதைக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், கடலிலேயே விடக் கூடாது. நல்ல பகுதி விதைக்குப் போதுமென்றால் ஓட்டமுள்ள, ஆழமான இடத்துக்கு மிதவையை நகர்த்தி, கல் கட்டி ஒரு முழம் தாழ்த்துங்கள். 30 நாளைத் தாண்டியிருந்து கால்வாசிக்கு மேல் வெளுத்திருந்தால் காத்திருக்காமல் அறுத்துவிடுவதே நல்லது. ஒடிந்து விழுவது திரும்ப வராது.

ஊத்துத்தண்ணி

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக. "இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வருமா?" என்ற கேள்வியிலேயே தீர்வை முடிவு செய்துவிட்டு, ஆம் இல்லை மட்டும் கேட்கிறார்கள். "வரும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் லட்சக்கணக்கில் செலவு. பிரச்சினையைக் கேட்க வேண்டும், தாங்களே தேர்ந்தெடுத்த தீர்வை அல்ல.

கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு ஏறத்தாழ 1-க்கு 40. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், கீழே 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர். அரை மீட்டர்தான் மேலே என்றால் 20 மீட்டரோடு சரி. மோட்டார் வைத்து இழுத்து மட்டம் 10 செ.மீ. இறங்கினால், நாளடைவில் உப்பு 4 மீட்டர் வரை மேலே ஏறி வரும். ஆகவே இந்த மணலில் ஆழம் போவது பெரும்பாலும் உப்பை நோக்கிப் போவதுதான். நம் பக்கம் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான்: மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது.

கேட்க வேண்டியவை: கடலிலிருந்து எத்தனை மீட்டர், போரின் ஆழம், குழாய் எத்தனை அடி வரை இறக்கியது, போட்ட ஆண்டு, மோட்டார் எத்தனை ஹெச்பி, நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மோட்டார் போட்டவுடன் உப்பா, ஒரு மணி நேரம் கழித்து உப்பா? ஆரம்பத்தில் நன்றாக இருந்து போகப் போக உப்பேறினால் கீழிருந்து இழுக்கிறது என்று அர்த்தம். சின்ன மோட்டார், விட்டு விட்டு ஓட்டுவது, மழைத் தண்ணீரைத் தரைக்குள் விடுவது என்று வழி தேடலாம். முதல் சொட்டிலிருந்தே ஒரே உப்பு என்றால் வேறு பேச்சு.

"உப்பா இருக்கு" என்பதற்குப் பதில் ஓர் எண் வேண்டும். டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சின்னக் கருவி) போதும், ஆனால் திரையில் பிபிஎம் என்று காட்டுகிறதா மைக்ரோசீமன்ஸ் என்று காட்டுகிறதா என்பதையும் எழுதுங்கள். 1200 மைக்ரோசீமன்ஸ் என்பது சுமார் 770 பிபிஎம்தான். அலகை விட்டுவிட்டால் நல்ல தண்ணீரை மோசம் என்று சொல்ல நேர்ந்துவிடும். குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் (500 பிபிஎம் என்பதும் அதுதான்), வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய 1 லிட்டர் பாட்டிலில் விளிம்பு வரை பிடித்து, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டிக் கொடுங்கள். குடிக்கவா, தென்னைக்கா, இறால் குட்டைக்கா என்பதையும் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஆகாத தண்ணீர் இன்னொன்றுக்குத் தாராளமாக ஆகும்.

தொண்டிவத்தை

போட்டோ எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே பொருளை மூன்று தூரத்தில் எடுங்கள்: முழுசா, கையெட்டும் தூரத்தில், ஒட்டி. ஒட்டி எடுப்பதில் பக்கத்தில் தீப்பெட்டி வையுங்கள், அளவு தெரியும். உச்சிவெயிலில் எடுத்தால் பாசியின் வெளுப்பும் தெரியாது, பிளக்கின் நிறமும் தெரியாது, நிழலில் எடுங்கள். இன்ஜினுக்கு 20 விநாடி வீடியோ, முதல் பத்து மெதுவாக, அடுத்த பத்து வேகமாக, தண்ணீர் ஊற்றும் ஓட்டை படத்தில் இருக்கும்படி.

குரல் பதிவில் இன்ஜின் சத்தத்தை மட்டும் அனுப்புங்கள். கேள்வியை அதில் சொல்ல வேண்டாம். நான்கு நிமிடக் குரல் பதிவைத் தெரிந்தவர்கள் வேலைக்கு நடுவில் கேட்க மாட்டார்கள். எழுத்து என்றால் ஒரு பார்வையில் படித்துவிடுவார்கள், நாளைக்கு இதே பழுது வந்தவர் தேடினாலும் கிடைக்கும்.

என்னென்ன ஏற்கெனவே செய்து பார்த்தார்கள், கையில் என்ன ஸ்பேனர் இருக்கிறது, எவ்வளவு செலவு செய்ய முடியும், எப்போதைக்குள் முடிவு வேண்டும் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். படகின் பதிவு எண், ஆதார், வங்கி விவரம் எந்தப் படத்திலும் தெரியக் கூடாது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று தனியாகச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு அதுதான் தீனி.

இன்னொன்று, இதைப் பெரிதாக எழுதி உங்கள் வாசலிலேயே ஒட்டுங்கள்: கடலில் இன்ஜின் நின்று படகு மிதந்துகொண்டிருக்கும்போது குழுவில் கேள்வி போடக் கூடாது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. முதலில் அது.

பாம்பன்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்ஜின்காரர் வீட்டுக்கே போய் ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி கேட்டு, கேள்வியைத் திருப்பி எழுதியிருக்கிறேன். தகடு போட்டோவும் வீடியோவும் இணைத்திருக்கிறேன்.

அவுட்போர்டு, 9.9 ஹெச்பி, டூ ஸ்ட்ரோக், பெட்ரோல், குட்டைத் தண்டு. பைபர் படகு, வடகடல். ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடும்போது ஓட்டையில் தண்ணீர் சொட்டுகிறது, வேகம் கூட்டினால் பீச்சுகிறது, ஆனால் முன்பு வந்த அளவில் பாதிதான். 20 நிமிடத்தில் இழுவை குறைகிறது. அப்போது ஹெட்டில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிறது. பல்பை அமுக்கினால் ஒரு மாற்றமும் இல்லை, பல்பு கெட்டியாகவே இருக்கிறது. ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, அளவு மூடியால் ஊற்றுகிறார். ஓட்டையில் கம்பி விட்டாயிற்று, சல்லடை சுத்தம். போன வாரம் வரை நன்றாக ஓடியது. நடுவில் என்ன செய்தீர்கள் என்றால் முதலில் ஒன்றுமில்லை என்றார். எடுத்துக் கொடுத்துக் கேட்டதும், பிளக் மாற்றிவிட்டுக் கரையிலேயே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார்.

முடிவு செய்ய வேண்டியது: நாளை அதிகாலை கடலுக்குப் போகலாமா? இம்பெல்லர் மட்டும் வாங்கினால் போதுமா, முழு பம்பு கிட் வாங்க வேண்டுமா? 10, 12 ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. தானே மாற்ற நினைக்கிறார்.

அவர் நினைப்பது: தெர்மோஸ்டாட்.

ஸ்பேனர்12

இப்படிக் கேட்டா நேர்ல நின்னு பார்க்கிற மாதிரி இருக்கு தங்கச்சி. தெர்மோஸ்டாட் இல்லை. மெதுவுல சொட்டி வேகத்துல பீச்சுறதும், கரையில தண்ணியில்லாம ஓட்டினதும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. இம்பெல்லர் கருகியிருக்கு. நாளைக்குப் போக வேண்டாம். ஹெட்டுல தண்ணி ஆவியாகிற சூட்டுல இன்னும் ரெண்டு தடவை ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுரும்.

முழு கிட்டே வாங்கச் சொல்லுங்க. தண்ணியில்லாம ஓடின பம்புல இம்பெல்லர் மட்டும் போறதில்லை, அது சுத்துற கிண்ணமும் அடித்தகடும் கோடு விழுந்திருக்கும். கேஸ்கெட், இம்பெல்லரைத் தண்டோட பிடிக்கிற சாவி எல்லாம் கிட்டோட வந்துரும். கடையில தகடு போட்டோவைக் காட்டி வாங்கட்டும்.

கழட்டும்போது முதல்ல பிளக் வயரைப் பிடுங்கி வைக்கணும். கியர் மாத்துற கம்பியோட இணைப்பைக் கழட்டிட்டு, கியர் பெட்டியைப் பிடிக்கிற போல்ட்டுகளைக் கழட்டி, நேரா கீழ இறக்கணும், நெம்பக் கூடாது. பம்பு மூடியைத் தூக்கினதும் தண்டுல ஒட்டியிருக்கிற சின்னச் சாவி மணல்ல விழுந்துரும், கீழ துணி விரிச்சுக்கச் சொல்லுங்க. பழைய இம்பெல்லர்ல இறக்கை ஏதாவது பிஞ்சிருக்கான்னு எண்ணிப் பார்க்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அந்தத் துண்டு மேல போற குழாய்லயோ ஹெட்டுலயோ கிடக்கும். தேடி எடுக்காம மூடினா புது இம்பெல்லர் போட்டும் சூடாகும்.

புதுசுல கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவி, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுத்துற பக்கமா தண்டைச் சுத்திக்கிட்டே மூடியை அமுக்கணும். இறக்கை தானா சரியான பக்கம் மடங்கும். திருப்பி ஏத்தும்போது மேலிருந்து வர்ற தண்ணிக் குழாய் பம்போட ரப்பர் வாய்ல உட்கார்ந்துச்சான்னு பார்க்காம போல்ட்டை இறுக்கக் கூடாது. "புதுசு போட்டும் தண்ணி வரலை"ன்னு வர்ற கேள்விகள்ல பெரும்பாலும் இந்தக் குழாய்தான் வெளியில நிக்கும். தண்டோட பல்லுல கிரீஸ் வைக்கணும், தலைநுனியில வேண்டாம்.

சோதனைக்குக் கரையில ஓட்டவே கூடாது. காத்தாடியைக் கழட்டிட்டு, அதுக்கு மேல இருக்கிற தட்டு முழுகுற அளவு தண்ணி நிரப்பின டிரம்முல, நியூட்ரல்ல, மெதுவா ஓட்டட்டும். ஒரு நிமிஷத்துக்குள்ள ஓட்டையில தொடர்ச்சியா தண்ணி வரணும். வந்தா பத்து நிமிஷம் ஓடவிட்டு ஹெட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். வரலைன்னா உடனே நிறுத்திட்டு, கழட்டின பழைய இம்பெல்லரையும் அடித்தகட்டையும் தீப்பெட்டி பக்கத்துல வச்சுப் படம் எடுத்து இங்கயே போடுங்க.